வாடகை ஸ்போர்ட்ஸ் காரை ஒரே நாளில் ஓட்டி அறிவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஷோரூமில் தரும் டெஸ்ட் டிரைவில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் புரிந்துகொள்ள முடியாது. பக்கத்தில் விற்பனையாளர் உட்கார்ந்திருப்பார், வழி அவர் சொல்வதாக இருக்கும், நேரம் கால் மணிதான். அதே காரை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் காலையில் குளிர்ந்த எஞ்சினோடு கிளப்பலாம், நெரிசலில் மாட்டலாம், மலைப்பாதையில் ஏறலாம், இருட்டில் திரும்பி வரலாம். வாங்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கும் இது அருமையான அனுபவம்.

இந்த ஆசை புதிதல்ல. 1966-இல் அமெரிக்காவில் ஹெர்ட்ஸ் என்ற கார் வாடகை நிறுவனம் ஷெல்பி ஜிடி350எச் என்ற ஃபோர்டு மஸ்டாங்கை வாடகைக்கே என்று தயாரிக்கச் சொல்லி வாங்கியது. ஏறத்தாழ ஆயிரம் கார்கள். பெரும்பாலானவை கறுப்பு உடலில் தங்க நிறப் பட்டை போட்டவை. வார இறுதியில் வாடகைக்கு எடுத்துப் பந்தயத்தில் ஓட்டிவிட்டுத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தார்கள் என்ற கதைகள் இன்றும் உலவுகின்றன. அப்படிச் செய்தவர்கள் காரைப் பற்றி என்ன தெரிந்துகொண்டார்கள் என்று எனக்கு எப்போதும் கேள்வி உண்டு. ஒரு கார் தன்னைப் பற்றிச் சொல்வதில் பெரும்பங்கை நாற்பதிலிருந்து எண்பது கி.மீ. வேகத்துக்குள் சொல்லிவிடுகிறது. அதற்கு மேல் போகப்போக பயமும் பரவசமும் மட்டுமே மனதில் பதியும், கார் பதியாது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த நம்பிக்கையில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

எந்தக் கார்?

குதிரைத்திறனைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எடையைப் பாருங்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5 ஏறத்தாழ 1,000 முதல் 1,100 கிலோ. வி8 எஞ்சின் கொண்ட இன்றைய மஸ்டாங் 1,700 கிலோவைத் தாண்டும். இரண்டுமே ஸ்போர்ட்ஸ் கார்கள்தான், ஆனால் சாலையில் கற்றுத்தருவது வேறு வேறு. சக்தி மிகுந்த காரில் இரண்டாவது கியரை முழுதாகப் பயன்படுத்துவதற்குள் பல சாலைகளின் வேக வரம்பு முடிந்துவிடும். எஞ்சினின் மேல்பாதியை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். சக்தி குறைந்த இலகுவான காரில் கீழ் கியர்களையாவது கடைசிவரை இழுக்கலாம், பல சாலைகளில் சட்டத்துக்குள்ளேயே. முதன்முறை எடுப்பவருக்கு இலகுவான, பின்சக்கர இயக்கமுள்ள, மேனுவல் கியர் காரைத்தான் சொல்வேன். மேனுவல் பழகாதவர் அதை வாடகைக் காரில் கற்கத் தொடங்க வேண்டாம். கிளட்சும் பாழாகும், நாளும் பாழாகும்.

முன்பதிவில் ஒரு பொறி இருக்கிறது. பல வாடகை நிறுவனங்கள் 'இந்த மாடல் அல்லது அதற்கு இணையானது' என்றுதான் உறுதி தரும். நீங்கள் திறந்த கூரையுள்ள மேனுவலைக் கேட்டிருப்பீர்கள், வாசலில் நிலையான கூரையுள்ள ஆட்டோமேட்டிக் கூப்பே நிற்கும். மாடல், எஞ்சின், கியர்பாக்ஸ் மூன்றையும் எழுத்தில் உறுதி செய்யும் இடத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள்.

ஒப்பந்தத்தில் படிக்க வேண்டிய வரிகள்

டெபாசிட்டாகக் கார்டில் எவ்வளவு பிடித்து வைப்பார்கள், ஒரு நாளைக்கு எத்தனை கி.மீ. அனுமதி, அதைத் தாண்டினால் கி.மீ.க்கு எவ்வளவு என்பதை எல்லோரும் கேட்பார்கள். கேட்காமல் விடுவது இன்சூரன்ஸ் எதையெல்லாம் விலக்குகிறது என்பதை. டயர், அலாய் வீல், கண்ணாடி, காரின் அடிப்பகுதி ஆகியவை பல ஒப்பந்தங்களில் விலக்கப்பட்டிருக்கும். தாழ்வான காரில் முதலில் அடிபடுவது முன் பம்பரின் கீழுதடும் அடிப்பகுதியும்தான் என்பதால் இந்த வரி முக்கியம். ரேஸ் டிராக்கில் ஓட்டினால் காப்பீடு முழுவதுமே செல்லாமல் போவது வழக்கம். மண்சாலைக்கும் தடை இருக்கலாம். ஸ்போர்ட்ஸ் கார்களில் வேகத்தையும் இடத்தையும் பதிவு செய்யும் கருவி இருப்பது சகஜம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நண்பரும் ஓட்டுவார் என்றால் அவர் பெயர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

சாவியை வாங்கியதும்: முதலில் டயர்

காரைச் சுற்றி வீடியோ எடுங்கள். நான்கு வீல்களின் விளிம்பு, முன் பம்பரின் அடிப்பக்கம், கண்ணாடி, ஒடோமீட்டர், எரிபொருள் அளவு எல்லாம் அதில் வர வேண்டும். ஊழியர் அவசரப்படுத்தினாலும் இதை விடாதீர்கள்.

பிறகு குனிந்து டயரைப் படியுங்கள். காரின் குணத்தைப் பற்றி நீங்கள் பின்னால் சொல்லப்போகும் எதுவும் இந்த நான்கு ரப்பர் வளையங்களின் வழியாகவே உங்களுக்கு வந்து சேர்கிறது. நான்கும் ஒரே நிறுவனம், ஒரே மாடலா? வாடகைக் கார்களில் முன்னால் ஒன்று, பின்னால் வேறொன்று என்பது அடிக்கடி நடக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் தெரியும். ரப்பர் தேய்ந்து அவற்றின் மட்டத்துக்கு வந்துவிட்டால் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. மட்டுமே மிச்சம் என்று அர்த்தம். அப்படியிருந்தால் அந்தக் காரை எடுக்காதீர்கள். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் சரியில்லாமல் இருக்கலாம். ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தால் அதைக் காரின் பிறவிக் குணமாக எழுதிவிடாதீர்கள்.

காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். சரியான அளவு ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும். காற்றுக் குறைந்த டயர் ஸ்டீயரிங்கைச் சோம்பலாக்கும், அதிகமானால் கார் சிறு மேட்டிலும் துள்ளும். இரண்டையும் சஸ்பென்ஷன் மீது பழிபோடுவது எளிது.

டயர் எவ்வளவு மாற்றும் என்பதற்கு நல்ல உதாரணம் 2012-இல் வந்த டொயோட்டா ஜிடி86. பல நாடுகளில் அது சாதாரண சாலைக் கார்களுக்கான மிஷெலின் பிரைமசி டயரோடு விற்கப்பட்டது. பிடிப்பு மிகுந்த டயரைப் போடாமல் விட்டது யோசித்து எடுத்த முடிவு. மிதமான வேகத்திலேயே கார் உயிரோட்டமாக நகர வேண்டும் என்று பொறியாளர்கள் விரும்பினார்கள். அதே காரில் யாராவது பிடிப்பு மிகுந்த டயரை மாட்டியிருந்தால் அந்தக் குணம் பாதி மறைந்துவிடும். இருவர் ஒரே காரைப் பற்றி நேரெதிராகப் பேசினால், முதலில் இருவரிடமும் டயர் பெயரைக் கேளுங்கள்.

உட்காருவது

பலரும் சீட்டை வசதிக்கு வைப்பார்கள். ஸ்போர்ட்ஸ் காரில் சீட் ஒரு கருவி. கார் பக்கவாட்டில் சாய்வதையும் பின்பகுதி லேசாக நகர்வதையும் முதலில் உணர்வது உங்கள் இடுப்பும் முதுகும்தான், கை அடுத்தபடி. எனவே இடுப்பைச் சீட்டின் மூலையில் ஒட்ட உட்காருங்கள். கிளட்சை முழுவதும் அழுத்தினாலும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கை வைத்துப் பாருங்கள். தோளைச் சீட்டிலிருந்து எடுக்காமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். அப்போது கைகளைக் கடிகாரத்தின் ஒன்பதும் மூன்றுமான இடத்தில் வைத்தால் முழங்கை மடிந்து நிற்கும். படுத்தபடி கையை நீட்டி ஓட்டுவது படத்தில் அழகாகத் தெரியும், அவசரத்தில் அரைச்சுற்று கூடத் திருப்ப முடியாது.

பக்கக் கண்ணாடிகளை உங்கள் காரின் உடல் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்வரை வெளியே தள்ளுங்கள். கூப்பேக்களில் பின்பார்வை குறைவு, திறக்கும் கூரையை மூடிய ரோட்ஸ்டரில் இன்னும் குறைவு. உங்களுக்குத் தெரியாதது ஒருபுறம், நீங்கள் மற்றவர்களுக்குத் தெரியாதது மறுபுறம். லாரியின் பக்கத்தில் நிற்கும் தாழ்வான கார் அதன் ஓட்டுநர் கண்ணுக்கு இல்லாத கார். அந்த இடத்தில் தங்காதீர்கள்.

கிளம்புமுன் நின்ற இடத்திலேயே வைப்பர், ஹெட்லைட், எச்சரிக்கை விளக்கு, ரிவர்ஸ் கியர் போடும் விதம், நார்மல், ஸ்போர்ட் என்று காரின் இயல்பை மாற்றும் டிரைவ் மோட் பட்டன் எல்லாவற்றையும் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். ரிவர்ஸுக்குச் சில கார்களில் வளையத்தைத் தூக்க வேண்டும், சிலவற்றில் லீவரை அழுத்த வேண்டும். இதை நெரிசலில் தேடக் கூடாது.

முதல் அரை மணி நேரம்

பாட்டை நிறுத்துங்கள். மோட் நார்மலிலேயே இருக்கட்டும்.

எஞ்சின் வெப்பமானி நடுவுக்கு வந்துவிட்டால் எஞ்சின் தயார் என்று நினைக்க வேண்டாம். அது காட்டுவது குளிரூட்டும் நீரின் வெப்பத்தை. ஆயில் அதைவிட மெதுவாகவே சூடேறும். 80 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகே முழு வேகச் சுழற்சிக்குப் போவது நல்லது. ஆயில் வெப்பம் காட்டாத காரில் பத்து, பதினைந்து நிமிடம் நிதானமாக ஓட்டி, ரெட்லைனில் (எஞ்சின் சுழற்சிக்கான சிவப்புக் கோட்டு வரம்பு) பாதிக்கு மேல் போகாமல் இருங்கள். உங்களுக்கு முன் ஓட்டியவர்கள் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் நீங்கள் செய்யுங்கள், அந்த எஞ்சின் அடுத்தவருக்கும் ஓட வேண்டும்.

இந்த நேரம் வீணல்ல. கிளட்ச் எந்த உயரத்தில் பிடிக்கிறது, பிரேக்கை எவ்வளவு மெல்லத் தொட்டாலும் கார் தலைகுனிகிறதா, வேகத்தடையைக் குறுக்கே சாய்வாகக் கடக்க வேண்டியிருக்கிறதா, தட்டும் சத்தம் எங்கிருந்தாவது வருகிறதா என்றெல்லாம் இப்போதுதான் கவனிக்க முடியும். ஒரு வாகனத்தின் தயாரிப்பு நேர்த்தி மெதுவான வேகத்தில்தான் வெளிப்படும். நல்ல கார்களில் ஸ்டீயரிங், பெடல்கள், கியர் லீவர் மூன்றும் ஒத்த எடையில் இருக்கும். கிளட்ச் இறகாகவும் பிரேக் கல்லாகவும் இருந்தால் யாரோ வேலையைப் பாதியில் விட்டிருக்கிறார்கள்.

ஸ்டீயரிங்

நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். இன்றைய கார்கள் அனேகமாக எல்லாமே மின்மோட்டார் உதவும் ஸ்டீயரிங் கொண்டவை. போர்ஷே 911-இல் அது 991 தலைமுறையோடு 2011-இல் வந்தபோது, பழைய ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கின் உணர்வு போய்விட்டது என்று ஆர்வலர்கள் வருந்தினார்கள். இந்தச் சர்ச்சையில் ஒரு பக்கம் சேருமுன் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொள்வது நல்லது.

காலியான நேர்சாலையில் அறுபது கி.மீ. வேகத்தில், தடத்துக்குள்ளேயே ஸ்டீயரிங்கை ஒரு விரலகலம் அசைத்துப் பாருங்கள். காரின் மூக்கு உடனே பதில் சொல்கிறதா, நடுவில் ஒரு செத்த இடம் இருக்கிறதா? அடுத்து ஒரு நீண்ட வளைவு. வளைவு இறுகும்போது கைக்கு வரும் எடை சீராக ஏற வேண்டும். முன் டயர்கள் பிடிப்பை இழக்கத் தொடங்கும்போது அந்த எடை கொஞ்சம் குறையும். இந்தக் குறைவைக் கைக்குச் சொல்லும் ஸ்டீயரிங்தான் பேசும் ஸ்டீயரிங். வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தினால் தானாக நடுவுக்கு வர வேண்டும். மென்மையான தாரிலிருந்து சொரசொரப்பான தாருக்கு மாறும் இடத்தில் கையில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

ஸ்போர்ட் மோடில் ஸ்டீயரிங் கனமாகும். கனத்தை உணர்வு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மோட்டார் உதவியைக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவே. எடையைத் தனியாக மாற்ற முடிகிற கார்களில் நான் இலகுவான அமைப்பையே வைப்பேன். சாலையிலிருந்து வரும் சிறு அதிர்வுகள் அதில்தான் எனக்குத் தெளிவாகக் கிடைத்திருக்கின்றன.

பிரேக்

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் போகிறது. ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்தத் தூரம் கடந்துவிடும். அதன்பிறகு நல்ல டயரும் உலர்ந்த சாலையும் இருந்தால் நிற்க இன்னும் 40 மீட்டர் வேண்டும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடிக்கும் தூரம் நான்கு மடங்காகும். எவ்வளவு விலை கொடுத்த பிரேக்கும் இந்தக் கணக்கை மாற்றாது.

பின்னால் யாரும் இல்லாத நேர்சாலையில் சிலமுறை எண்பதிலிருந்து முப்பதுக்குக் கொண்டு வாருங்கள். முதலில் மெதுவாக, பிறகு அழுத்தமாக. பெடல் எவ்வளவு தூரம் போகிறது என்பதைவிட, எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு குறைகிறது என்பது கணிக்கக் கூடியதாக இருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் பிரேக் டிஸ்க் சீராக இல்லை, முந்தைய ஓட்டுநர்களின் கைவரிசையாக இருக்கலாம். முழு அழுத்தத்தில் பெடல் காலடியில் படபடவென்று துடித்தால் அது ஏபிஎஸ், சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. 1978-இலிருந்து மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் தொடங்கி எல்லாக் கார்களுக்கும் பரவிய தொழில்நுட்பம். காலை எடுக்காமல் அழுத்தியபடியே திருப்ப வேண்டும் என்பதற்காகவே அது இருக்கிறது. இறக்கத்தில் தொடர்ந்து பிடித்து பெடல் மெத்தென்று ஆகிவிட்டால் பிரேக் சூடேறிவிட்டது. கியரைக் குறைத்து, பிரேக்குக்கு ஓய்வு கொடுங்கள்.

எஞ்சினும் கியரும்

டர்போ எஞ்சினா (கூடுதல் காற்றை அழுத்தி ஊட்டும் வகை) என்று தாளைப் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம். மூன்றாவது கியரில் 2,000 ஆர்.பி.எம்.மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் சுற்றுகள்) ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதியுங்கள். ஒரு கணத் தயக்கம், பிறகு முதுகில் ஒரு தள்ளு என்றால் டர்போ. சுற்று ஏற ஏறச் சீராகக் கூடினால் டர்போ இல்லாதது. முதல்வகை ஊருக்குள் சுலபம். இரண்டாவது வகையில் கியரை நீங்கள் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்த உழைப்பில்தான் எனக்கு மகிழ்ச்சி.

இரண்டு கிளட்சுகள் மாறிமாறி வேலை செய்யும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் வேகத்தில் மின்னலாக மாறும். அதை நெரிசலில் நடைவேகத்தில் ஊர்ந்தும், ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்தும் சோதியுங்கள், குறை இருந்தால் அங்கேதான் தெரியும். சத்தம் பிடித்திருந்தால் கண்ணாடியை இறக்கிக் கேளுங்கள். பல புதிய கார்கள் ஸ்பீக்கர் வழியாக எஞ்சின் ஒலியைக் கூட்டுகின்றன. கண்ணாடியை இறக்கியதும் சத்தம் மெலிந்தால் நீங்கள் கேட்டது ஒலிபெருக்கியை.

வளைவுகள்

பத்துப் பதினைந்து கி.மீ. நீளமுள்ள, வண்டி குறைந்த ஒரு வளைவுப் பாதையைத் தேர்ந்து அதையே மீண்டும் மீண்டும் ஓட்டுங்கள். புதிய புதிய சாலைகளாகப் போனால் சாலையைத்தான் கவனிப்பீர்கள். பழகிய பாதையில்தான் மனம் காரின் பக்கம் திரும்பும். முதல் சுற்று நிதானமாக, அடுத்தது மோட் மாற்றி, அதற்கடுத்தது ஒரு கியர் குறைத்து.

வளைவுக்கு முன்பே, கார் நேராக இருக்கும்போதே பிரேக்கை முடியுங்கள். பார்வை வளைவின் முடிவைத் தேடட்டும். திருப்பிய கணத்தில் மூன்றைக் கவனியுங்கள்: முன்பக்கம் எவ்வளவு விரைவாக உள்ளே வருகிறது, உடல் எவ்வளவு சாய்ந்து எங்கே நிலைகொள்கிறது, பின்பக்கம் கூடவே வருகிறதா அல்லது பின்தங்கி வந்து சேர்கிறதா. சாய்வு குறையல்ல. சீராகச் சாய்ந்து ஓரிடத்தில் நிற்கும் கார் உங்களுக்குத் தகவல் தருகிறது. எம்எக்ஸ்-5 நன்றாகவே சாயும், அதை நம்பி ஓட்ட முடிவதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம்.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் போகும், பின்சக்கரங்கள் இலகுவாகும். எஞ்சினைப் பின் அச்சுக்கும் பின்னால் வைத்திருக்கும் 911-இன் பழைய தலைமுறைகள் வளைவு நடுவில் பதற்றத்தோடு காலை எடுத்தவர்களைச் சுழற்றிவிட்டது இதனால்தான். இன்றைய கார்களில் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு இதைப் பெரும்பாலும் திருத்திவிடும். அதை அணைக்காதீர்கள். பொதுச்சாலையில் டயரின் எல்லையைத் தேட ஒரு நியாயமும் கிடையாது, எதிரே வருபவர் உங்கள் சோதனைக்குச் சம்மதிக்கவில்லை. எல்லையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் டிராக்குக்கென்றே வாடகைக்குக் கிடைக்கும் கார்களும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். அங்கே போங்கள்.

மிச்ச நேரம்

நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஒரே வேகத்தில் போய் டயர் இரைச்சலைக் கேளுங்கள். இருட்டியபின் ஹெட்லைட் வளைவில் எங்கே பாய்கிறது என்று பாருங்கள். ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் முதுகு என்ன சொல்கிறது என்று கேளுங்கள். ஓட்டுபவருக்குத் தெரியாத கடினமெல்லாம் அவருக்குத் தெரியும். மழை வந்தால் நல்லது, வேகத்தைக் குறைத்துக்கொண்டு வெளியே இருங்கள். ஈரத்தில் மிகக் குறைந்த வேகத்திலேயே காரின் சமநிலை புரியும்.

திருப்பிக் கொடுத்தபின்

பகலில், ஊழியர் முன்னிலையில் ஒப்படையுங்கள். எரிபொருள் நிரப்பிய ரசீதை வைத்திருங்கள். மறுபடி ஒரு சுற்று வீடியோ. டெபாசிட் முழுதாகத் திரும்பும்வரை எதையும் அழிக்காதீர்கள்.

அன்றிரவே எழுதிவிடுங்கள், மறுநாள் காலையில் நினைவு எல்லாவற்றையும் வெறும் 'சூப்பர்' ஆக்கிவிடும். தாளை மூன்றாகப் பிரிப்பேன். முதலில் அந்த மாடலின் இயல்பு: உட்காரும் இடம், ஸ்டீயரிங் விகிதம், எஞ்சின் குணம், எடை. அடுத்து நான் ஓட்டிய அந்த ஒரு வண்டியின் நிலை: தேய்ந்த டயர், நடுங்கிய டிஸ்க், தளர்ந்த கியர் லீவர். மூன்றாவதாக என் பழக்கமின்மை: கிளட்ச் பிடிபட நேரமானது, காரின் அகலம் கணிக்க வராதது. பெரும்பாலான கருத்துகள் தவறாகப் போவது இந்த மூன்றையும் ஒன்றாகக் கலப்பதால். 'பிரேக் சரியில்லை' என்று எழுதுமுன் அது எந்தப் பத்தியில் சேரும் என்று கேட்டுப்பாருங்கள். ஒடோமீட்டர், டயர் பெயர், சாலையின் ஈரம், எந்த மோட் என்பதையும் தலைப்பிலேயே குறித்துவிடுங்கள், படிப்பவருக்கு உங்கள் மதிப்பீட்டை எடைபோட அவை தேவைப்படும்.

வாங்கும் எண்ணத்தோடு ஓட்டியிருந்தால், இரண்டாவது பத்தியில் எழுதியவற்றைச் சரிபார்க்க அதே மாடலில் வேறொரு வண்டியைச் சில வாரம் கழித்து எடுங்கள். இம்முறை வளைவுப் பாதை வேண்டாம். வேலைக்குப் போய் வரும் வழியிலேயே ஓட்டுங்கள்.